கல் நடந்த பாதை – 14: நிலவுக்குப் பதில் சித்தம்பூண்டி

கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குருபரப்பள்ளியில் சாலையோரம் நிற்கும் பிளாக் லாரியை விடியற்காலையில் பார்க்க வேண்டும். தார்ப்பாய் கிடையாது, அவ்வளவு பெரிய கல்லை யார் தூக்கிக்கொண்டு ஓடப்போகிறார்கள்? இரண்டு பிளாக்குகள், அடியில் மரக்கட்டை, குறுக்கே சங்கிலி. கல்லின் முகத்தில் வரிவரியாகப் பாதித் துளைகள், புல்லாங்குழலை நெடுக்காகப் பிளந்து ஒட்டியதுபோல. ஜாக்ஹாமர் போட்ட துளையில் மற்ற பாதி இன்னும் குவாரிப் பாறையில்தான் இருக்கிறது. பக்கவாட்டில் சிவப்புப் பெயின்ட்டில் பிளாக் எண், நீளம், அகலம், உயரம். அளவெடுப்பவர் ஒவ்வொரு பக்கத்திலும் சில சென்டிமீட்டரைக் கழித்துத்தான் எழுதுவார். கோணல்மாணலான ஓரத்துக்கு வாங்குகிறவன் காசு கொடுப்பதில்லை.

டிரைவர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். சென்னைத் துறைமுகத்துக்குப் போகிற வண்டி. "இந்தக் கல்லு என்ன விலைங்க போகும்?" என்று கேட்டேன்.

"எந்த எடத்துல சார்? குவாரியில ஒரு வெல, ஹார்பர்ல ஒரு வெல. நடுவுல கவுந்துடுச்சுன்னா வெலயே இல்ல. கிரேன் வாடகைய நாமதான் குடுக்கணும்."

பதின்மூன்று வாரமாக நான் சுற்றிச் சுற்றி எழுதிவருவதை அவர் மூன்று வரியில் முடித்துவிட்டார். இந்த வாரம் அதே கேள்வியை வானத்துக் கல்லிடம் கேட்கப் போகிறோம். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே லட்சக்கணக்கில் சுற்றிவரும் சிறுகோள்களில் இரும்பும் நிக்கலும் பிளாட்டினமும் இருக்கின்றன. அவற்றை வெட்டி எடுத்தால் கட்டுப்படியாகுமா? அமெரிக்காவில் கணக்குப் போட வேண்டிய விஷயம் என்று தோன்றும். ஆனால் இந்தக் கணக்கின் ஒரு பக்கத்தை நம் ஊரிலேயே போட்டுப் பார்த்து, விடையையும் கண்டிருக்கிறார்கள். நான் நின்றுகொண்டிருந்த இதே சாலை அந்தக் கதையில் வருகிறது.

அதற்கு முன் ஒரு பழைய பாக்கி. சென்ற வாரம் இதே கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையைப் பார்த்தோம். அங்கே கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. அதற்குச் சுமார் எண்ணூறு ஆண்டுகள் கழித்து வாழ்ந்த எகிப்து மன்னன் துட்டன்காமனின் கல்லறையில் ஓர் இரும்புக் கத்தி இருந்தது. 2016இல் எக்ஸ்-கதிர் ஆய்வு செய்தபோது, அது விண்கல் இரும்பு என்று உறுதியானது. அதாவது எகிப்தின் அரசன் வானத்திலிருந்து விழுந்த இரும்பைத் தங்க உறையில் போட்டு வைத்திருந்தான். அவனுக்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே நம் மேட்டுக்காட்டு ஆட்கள் கரி அடுக்கி, துருத்தி ஊதி, மண்ணில் கிடந்த தாதுவை உருக்கிக்கொண்டிருந்தார்கள். உலை பரவிய இடத்திலெல்லாம் வானத்து இரும்பின் மவுசு போனது. சிறுகோள் இரும்பு சந்தையில் தோற்ற முதல் சம்பவம் அதுதான் என்று சொல்வேன்.

இனி சித்தம்பூண்டி. நாமக்கல் மாவட்டத்தில், பரமத்தி வேலூர் பக்கத்துக் கிராமம். வெளியே தெரியும் பாறை வெள்ளையும் சாம்பலுமாக, நடுவே கறுப்புப் பட்டைகளோடு கிடக்கும். இந்த வகைப் பாறைக்கு அனார்த்தோசைட் என்று பெயர். இதில் குருந்தக்கல்லும் உண்டு. சாணைக்கும் மணி தீட்டுவதற்கும் பயன்பட்ட இந்தக் குருந்தம் கப்பலேறி இங்கிலாந்து போனபோது, பெயரும் கூடவே போய்விட்டது. ஆங்கிலக் கனிமவியலில் இன்றும் 'கொரண்டம்' என்றுதான் எழுதுகிறார்கள். நம் குருந்தம்தான் அது. 1798இல் சார்ல்ஸ் கிரெவில் லண்டனில் இதைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். குருந்தத்தோடு ஒட்டிக்கொண்டு போன வெள்ளைக் கல்லை 1802இல் பூர்னோன் என்ற பிரெஞ்சுக் கனிமவியலாளர் விவரித்தார். கர்நாடகச் சீமையிலிருந்து வந்த கல் என்று குறித்தார். அன்றைக்குத் தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு அதுதான் பெயர். அந்த வெள்ளைக் கனிமத்தை 'இந்தியனைட்' என்று சிலகாலம் அழைத்தார்கள். இப்போது அனார்த்தைட் என்கிறோம். சுண்ணம் நிறைந்த ஃபெல்ஸ்பார்.

1956இல் ஏ.பி. சுப்பிரமணியம் சித்தம்பூண்டிப் பாறைத் தொகுதியை அங்குலம் அங்குலமாக ஆராய்ந்து அமெரிக்க நிலவியல் கழகத்தின் இதழில் எழுதினார். நிலவுக்கு மனிதன் போக இன்னும் பதின்மூன்று ஆண்டுகள் இருந்தன. அந்தக் கட்டுரையை எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்று தெரியவில்லை. ஆனால் 1969இல் அப்போலோ 11 அள்ளிவந்த மண்ணில் வெள்ளைத் துணுக்குகள் கிடந்ததும், 1971இல் அப்போலோ 15 வீரர்கள் கையளவு வெள்ளைக் கல் ஒன்றைக் கண்டெடுத்துக் கூத்தாடியதும், சித்தம்பூண்டியை உலக நிலவியலுக்கு முக்கியமாக்கின. நிலவில் நம் கண்ணுக்கு வெளுப்பாகத் தெரியும் மேட்டு நிலங்கள் பெரும்பாலும் அனார்த்தோசைட். பூமியிலும் இந்தப் பாறை பல இடங்களில் உண்டு. ஆனால் பெரும்பாலான இடங்களில் சுண்ணம் குறைவு, சோடியம் கூடுதல். நிலவைப் போல சுண்ணம் மிகுந்தது அபூர்வம். சித்தம்பூண்டியில் அது இருந்தது.

இப்போது கணக்குக்கு வருவோம். சந்திரயான்-2க்கு ஒரு தரையிறங்கும் கலமும், 27 கிலோ எடையில் பிரக்யான் என்ற ஆறு சக்கர வண்டியும் திட்டமிட்டார்கள். சக்கரம் நிலவு மண்ணில் புதையுமா, வழுக்குமா, கலத்தின் கால் எவ்வளவு அமுங்கும் என்று இங்கேயே சோதித்துப் பார்க்க வேண்டும். சோதிக்க நிலவு மண் வேண்டும். ஆறு அப்போலோ பயணங்களும் சேர்ந்து கொண்டுவந்த மொத்தக் கல்லும் மண்ணும் 382 கிலோ. அதை யாரும் வண்டி ஓட்டிப் பார்க்கத் தரமாட்டார்கள். போலி நிலவு மண் அமெரிக்காவில் விலைக்குக் கிடைத்தது. கிலோ 150 டாலர். இஸ்ரோவின் தேவையோ 60, 70 டன். பெருக்கிப் பாருங்கள்: 60 டன்னுக்கே 90 லட்சம் டாலர், கப்பல் கூலி தனி. நிலவு மண்கூட இல்லை, நிலவு மண் மாதிரியான மண்ணுக்கு!

அப்போதுதான் நிலவியலாளர்கள் சேலம் பக்கத்துப் பாறையைச் சுட்டிக்காட்டினார்கள். சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் நிலவியல் பேராசிரியர் எஸ். அன்பழகனும் அவர் குழுவினரும், திருச்சி என்.ஐ.டி.யின் கே. முத்துக்குமரனும், இஸ்ரோ பொறியாளர்களும் கைகோத்தார்கள். சித்தம்பூண்டியிலும் பக்கத்துக் குன்னமலையிலும் கல் எடுக்கப்பட்டது. ஜல்லி உடைக்கும் தொழிலில் இருந்தவர்களின் கிரஷர்களில் உடைத்து, அரைத்து, சலித்து, நிலவு மண்ணின் பருமனுக்குக் கொண்டுவந்தார்கள். நிலவில் காற்றும் நீரும் இல்லாததால் அங்கே மண்துகள் உருண்டு மழுங்குவதில்லை, கூர்மையாகவே கிடக்கும். ஆற்றுமணலை வைத்து அந்தச் சோதனையைச் செய்ய முடியாது. புதிதாக உடைத்த கல்மாவுக்குத்தான் அந்தக் கூர்மை வரும்.

திட்டத்துக்கு முதலில் ஒதுக்கிய தொகை 25 கோடி ரூபாய். உடைத்தவர்களும் ஏற்றிச் சென்றவர்களும் கூலி வாங்க மறுத்ததால் செலவு பல மடங்கு குறைந்துவிட்டது என்று, அப்போது பெங்களூரு செயற்கைக்கோள் மையத்தின் இயக்குநராக இருந்த மயில்சாமி அண்ணாதுரை பின்னாளில் சொன்னார். ஏறத்தாழ 50 டன் மண் பெங்களூரு போய்ச் சேர்ந்தது. சேலத்திலிருந்து பெங்களூருக்கு லாரிகளின் வழக்கமான தடம் என்ன? தொப்பூர் கணவாய், தருமபுரி, கிருஷ்ணகிரி டோல்கேட், அடுத்து குருபரப்பள்ளி, சூளகிரி, ஓசூர். நிலவுத் தரையும் கிரானைட் பிளாக்கும் ஒரே சாலையில் ஒன்றையொன்று தாண்டிப் போவதற்கு எல்லா நியாயமும் இருக்கிறது.

பெங்களூரில் அந்த மண்ணை ஒரு பெரிய கூடத்தில் கொட்டிப் பரப்பி, சூரிய ஒளிக்கு ஈடாக விளக்குகள் போட்டு, நிலவுத் தரையைச் செய்தார்கள். நிலவின் ஈர்ப்பு பூமியின் ஈர்ப்பில் ஆறில் ஒரு பங்குதான். எடையைக் குறைக்க என்ன செய்தார்கள் தெரியுமா? வண்டிக்கு மேலே ஹீலியம் பலூன் கட்டிவிட்டார்கள். தேர்த்திருவிழாவில் குழந்தை கையில் இழுத்துக்கொண்டு போகுமே, அதேதான். அளவு மட்டும் பெரிது. 2019 செப்டம்பர் 7 அன்று சந்திரயான்-2இன் விக்ரம் கலம் நிலவில் மோதி நொறுங்கியதில் அந்த மண்ணின் குற்றம் எதுவும் இல்லை. 2020இல் இந்தச் செயற்கை நிலவு மண்ணுக்குக் காப்புரிமை கிடைத்தது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கியது. பிரக்யான் நிலவில் நூறு மீட்டர் ஓடியது.

கட்டுப்படியாகும் விண்வெளிச் சுரங்கம் என்று இதுவரை நான் உறுதியாகக் காட்டக்கூடியது இது ஒன்றுதான். வேடிக்கை என்னவென்றால், விண்வெளிக்குப் போகாமலிருந்ததுதான் இதில் கிடைத்த லாபம். சரக்கு வானத்தில் இருந்தது; அதே சரக்கு வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று தேடினார்கள்; இருந்தது.

இல்லாவிட்டால் என்ன செலவு ஆகும்? அதற்கும் ரசீது இருக்கிறது. நாசாவின் ஓசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் பென்னு என்ற சிறுகோளுக்குப் போய், 2023 செப்டம்பர் 24 அன்று யூட்டா பாலைவனத்தில் ஒரு பெட்டியை இறக்கியது. உள்ளே இருந்தது 121.6 கிராம். மொத்தச் செலவு சுமார் 116 கோடி டாலர். கிராமுக்கு ஏறத்தாழ 95 லட்சம் டாலர். அந்த ஆண்டு பிளாட்டினம் கிராம் சுமார் 30 டாலர். ஜப்பானின் ஹயபூசா-2 ரியூகு சிறுகோளிலிருந்து 2020இல் கொண்டுவந்தது 5.4 கிராம். இவை அறிவியலுக்குப் போன பயணங்கள், வியாபாரத்துக்குப் போனவை அல்ல. கிராம் கணக்கு போடுவது நியாயமில்லை என்று விஞ்ஞானிகள் கோபிப்பார்கள். கோபம் சரிதான். ஆனால் சிறுகோளில் பணம் காய்க்கிறது என்று சொல்கிறவர்கள் முதலில் கிராம் கணக்கைத்தானே ஆரம்பித்தார்கள்?

சைக்கி என்ற உலோகச் சிறுகோளின் 'மதிப்பு' 1க்குப் பின்னால் 19 சுழியம் போட்ட டாலர் என்று ஒரு கணக்கு ஊர் ஊராகச் சுற்றுகிறது. அந்தக் கணக்கைப் போட்ட விஞ்ஞானி லிண்டி எல்கின்ஸ்-டான்டனே அது விளையாட்டுக் கணக்கு என்று சொல்லிவிட்டார். 2023 அக்டோபரில் கிளம்பிய நாசா விண்கலம் 2029இல்தான் அங்கே போய்ச் சேரும். சுற்றிப் பார்க்குமே தவிர ஒரு துகளும் கொண்டுவராது. உலகமே ஆண்டுக்குச் சுமார் 180 டன் பிளாட்டினத்தைத்தான் சுரங்கத்திலிருந்து எடுக்கிறது. ஆயிரம் டன்னை ஒரே நாளில் கொட்டினால் விலை என்ன ஆகும் என்று ஓசூர் தக்காளி மண்டியில் நிற்கிற எந்த விவசாயியும் சொல்லுவார்.

சிறுகோளில் தரம் இல்லையா என்றால், இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் பிளாட்டினச் சுரங்கங்களில் டன்னுக்கு 3 முதல் 6 கிராம் கிடைக்கிறது. சில இரும்பு விண்கற்களில் அதைப் போலப் பல மடங்கு. ஆனால் நல்ல தரம் மட்டும் சுரங்கத்தை வாழவைக்காது என்பதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. குருபரப்பள்ளிக்கு வடக்கே வேப்பனப்பள்ளி. அதைத் தாண்டினால் மூன்று மாநில எல்லை. எல்லைக்கு அப்பால் கோலார் தங்கவயல்.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே கால்வைத்தது. தொடக்கத்தில் டன் பாறைக்கு 40 கிராமுக்கு மேல் தங்கம் கிடைத்தது. அந்த ஆசையில் வட ஆற்காட்டிலிருந்தும் சேலம் மாவட்டத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாகத் தமிழர்களைக் கூட்டிப்போய் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறக்கினார்கள். அந்தச் சுரங்கத்துக்காகவே 1902இல் காவிரியின் சிவசமுத்திரத்தில் மின்சாரம் எடுத்தார்கள். 120 ஆண்டில் கிடைத்தது சுமார் 800 டன். ஆழம் கூடக்கூடப் பாறை சுட்டது, அழுத்தம் தாங்காமல் வெடித்தது, காற்றை மேலிருந்து குளிர்வித்து அனுப்ப வேண்டியிருந்தது. தரமோ 3 கிராம் அளவுக்கு இறங்கியது. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபோது தங்கம் தீர்ந்துபோயிருக்கவில்லை. அதை மேலே கொண்டுவரும் செலவு அதன் விலையைத் தாண்டிப் போயிருந்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். பிள்ளைகள் இன்றும் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள்.

(ஒரு இடைச்செருகல். 1965இல் அதே தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழத்தில், டாடா ஆய்வு நிறுவனத்து இயற்பியலாளர்களும் ஜப்பானிய, பிரிட்டிஷ் குழுவினரும் வளிமண்டல நியூட்ரினோக்களைக் கண்டறிந்தார்கள். வானத்திலிருந்து வரும் ஒன்றைப் பிடிக்கப் பூமிக்குள் இறங்கியவர்கள் அவர்கள். அந்தச் சரக்குக்கு லாரிக் கூலி கிடையாது.)

கம்பெனிகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கதையே சுருக்கம்தான். 2012இல் 'பிளானெட்டரி ரிசோர்சஸ்' என்ற நிறுவனம் பெரும் பணக்காரர்களின் ஆதரவோடு சிறுகோள் சுரங்கம் என்று அறிவித்தது. மறு ஆண்டு 'டீப் ஸ்பேஸ் இண்டஸ்ட்ரீஸ்' வந்தது. 2018இல் முதலாவதை ஒரு பிளாக்செயின் நிறுவனம் வாங்கியது; 2019இல் இரண்டாவதும் கைமாறியது. இரண்டும் ஒரு சிறுகோளையும் தொடவில்லை. 2025 பிப்ரவரியில் 'ஆஸ்ட்ரோஃபோர்ஜ்' அனுப்பிய சிறு விண்கலம் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே பேச்சை நிறுத்திவிட்டது.

சட்டத்தைப் பற்றியும் கவலை இல்லை என்கிறார்கள். 1967 விண்வெளி ஒப்பந்தம் எந்த நாடும் வான்பொருளைச் சொந்தம் கொண்டாடக் கூடாது என்கிறது. கல் யாருடையது என்று சொல்லவில்லையே என்று 2015இல் அமெரிக்காவும் 2017இல் லக்சம்பர்க்கும் தனிச் சட்டம் போட்டு, வெட்டியவனுக்கே சொந்தம் என்றுவிட்டன. நம் ஊரில் இந்த வழக்கு எப்போதோ நடந்து முடிந்தது. 1977இல் தமிழக அரசு கறுப்பு கிரானைட்டுக்குத் தனியாருக்குக் குத்தகை கிடையாது என்று விதி போட்டது. குவாரிக்காரர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1981இல் 'ஹிந்த் ஸ்டோன்' வழக்கில் அரசு வென்றது. விதி போட அரசு ஒன்று இருந்ததால் அங்கே சண்டை போட முடிந்தது. சிறுகோளுக்கு எந்தத் தாசில்தார் நடைச்சீட்டு கொடுப்பார்?

விண்வெளிச் சுரங்கத்துக்காக வாதாடுகிறவர்களில் விவரம் தெரிந்தவர்கள் பிளாட்டினத்தைப் பற்றிப் பேசுவதில்லை. தண்ணீரைப் பற்றிப் பேசுகிறார்கள். சில சிறுகோள்களின் களிமண்ணில் நீர் கட்டுண்டு கிடக்கிறது. அதைப் பிரித்தால் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும், அதாவது ராக்கெட் எரிபொருள். பூமிக்குக் கொண்டுவர வேண்டாம், அங்கேயே விற்கலாம். இந்த வாதம் குருபரப்பள்ளிக்காரருக்கு உடனே புரியும். ஒரே குன்றிலிருந்து இரண்டு சரக்கு கிளம்புகிறது. மெருகேற்றினால் பளபளக்கும் 'பாரடைசோ' பிளாக், கடல் தாண்டிப் போகும். கூலியைத் தாங்கும் விலை அதற்கு உண்டு. உடைந்த மிச்சம் ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் பக்கத்து ஊருக்குப் போகும், மிஞ்சினால் ஓசூர் எல்லை தாண்டி பெங்களூருக்கு. ஜல்லியைக் கப்பலில் ஏற்றி யாரும் இத்தாலிக்கு அனுப்புவதில்லை. சிறுகோள் தண்ணீர் விண்வெளியின் ஜல்லி. அங்கே கட்டடம் எழும்பினால்தான் அதற்கு விலை.

இதிலும் ஒரு முடிச்சு. பூமியிலிருந்து ஒரு கிலோவைத் தாழ்ந்த சுற்றுப்பாதைக்கு அனுப்ப விண்வெளி ஓடங்களின் காலத்தில் ஐம்பதாயிரம் டாலருக்கு மேல் ஆனது. ஃபால்கன் 9 ராக்கெட்டில் மூவாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ராக்கெட் மலிந்தால் சிறுகோளுக்குப் போவது எளிது. ஆனால் அதே ராக்கெட்டில் பூமித் தண்ணீரையே ஏற்றி அனுப்புவதும் மலிந்துவிடுகிறது. டீசல் விலை இறங்கினால் தூரத்துக் கிரஷர்காரனும் உள்ளூர்ச் சந்தைக்குள் வந்துவிடுவதுபோல. இந்த முடிச்சை அவிழ்த்த கணக்கு எதையும் நான் இன்னும் பார்க்கவில்லை. அதனால் என் தீர்ப்பு: இந்த நூற்றாண்டின் முதல் பாதியில் சிறுகோள் உலோகம் நம் சந்தைக்கு வராது. தண்ணீர் வேண்டுமானால் அங்கேயே செலவாகலாம், அதுவும் அங்கே ஆள் குடியேறினால்.

டிரைவர் டீக்குக் காசு கொடுத்துவிட்டு சங்கிலியை ஒருமுறை இழுத்துப் பார்த்து, டோல்கேட் பக்கமாக வண்டியைத் திருப்பினார். எதிர்ச்சாரியில் சிப்காட்டுக்கு ஆளேற்றிப் போகும் கம்பெனி பஸ்கள் வரத் தொடங்கியிருந்தன.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். சித்தம்பூண்டிப் பாறையின் கறுப்புப் பட்டைகளில் குரோமைட் இருக்கிறது. அந்தக் குரோமைட்டில் பிளாட்டினக் குடும்பத்து உலோகங்கள் இருப்பதை நிலவியலாளர்கள் கண்டுபிடித்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. சாலை போகிறது, மின்சாரம் இருக்கிறது, மூச்சுவிடக் காற்றும் இருக்கிறது. பிளாட்டினத்துக்கென்று ஓடும் சுரங்கம் சித்தம்பூண்டியில் மட்டுமல்ல, இந்தியாவிலேயே இன்றுவரை ஒன்றுகூட இல்லை.

(தொடரும்)